முற்றொருமைகளை எப்படிப் படிப்பது: ஒப்பிப்பதா, வரைவதா, பெருக்குவதா?

கோத்தகிரியில் மாலை நேரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இயற்கணிதம் தொடங்குகிற வாரத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வரும். இந்த முறை முதலில் கேட்டவர் ஒரு அம்மா. கொழுந்து பறித்துவிட்டு, மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் மகனை அழைத்துப் போக வந்திருந்தார். "டீச்சர், இவன் வீட்டுல கட்டம் கட்டமா வரைஞ்சுகிட்டே இருக்கான். ஃபார்முலாவ ஒப்பிச்சா சீக்கிரம் முடிஞ்சிடாதா?"

இரண்டு நாள் கழித்துப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேர் எதிராகக் கேட்டாள். "மிஸ், போன வருஷம் ஒப்பிச்சதெல்லாம் மறந்துபோச்சு. ஒவ்வொரு தடவையும் பெருக்கியே போட்டுடவா?"

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. எந்த வகுப்பு, தேர்வுக்கு எத்தனை நாள், பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். நான் பல வருடங்களாகப் பிள்ளைகளோடு முயன்று பார்த்த நான்கு வழிகளை இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன். எழுத்துகளை வகுப்பில் வாயால் சொல்வது போலவே ஏ, பி, எக்ஸ், ஒய் என்று எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. சமன்பாடு வேறு, முற்றொருமை வேறு. எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 என்பது எக்ஸ் 2 ஆகவோ 3 ஆகவோ இருந்தால் மட்டும் உண்மை. (ஏ + பி)² = ஏ² + 2ஏபி + பி² என்பது எந்த எண்ணைப் போட்டாலும் உண்மை. குறை எண், பின்னம், தசமம் எதற்கும் விலக்கு இல்லை. இந்த வித்தியாசம் மனதில் இல்லாத பிள்ளை, முற்றொருமையையும் ஏதோ விடை கண்டுபிடிக்க வேண்டிய கணக்கு என்று நினைத்துக்கொள்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

தேர்வு அறையில் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது ஒன்று. பத்தாம் வகுப்புக் கணிதத் தாள் 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் ஒரு விரிவாக்கத்துக்கு ஐந்து நிமிடம் கொடுக்க முடியாது. கூட்டல் கழித்தல் குறியில் பிழை வருகிறதா என்பது இரண்டாவது. மூன்று மாதம் கழித்தும் நினைவில் நிற்குமா என்பது மூன்றாவது. கற்றுத்தர ஆகும் நேரமும் பொருளும் நான்காவது.

ஐந்தாவதைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்: பிள்ளையால் முற்றொருமையை வலமிருந்து இடமாகவும் படிக்க முடிகிறதா? (7எக்ஸ் + 4ஒய்)(7எக்ஸ் − 4ஒய்) என்று கொடுத்தால் பெரும்பாலும் எல்லோரும் பெருக்கிவிடுவார்கள். 49எக்ஸ்² − 16ஒய்² என்று கொடுத்துக் காரணிப்படுத்தச் சொன்னால்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளை, அதாவது மேலும் கீழும் கோவை இருக்கும் பின்னங்களை, சுருக்குவதும், வர்க்கப் பூர்த்தி முறையில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பதும் இந்தப் பின்பக்கப் பார்வையை நம்பித்தான் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் இது பெரிதாகத் தெரியாது. பத்தாம் வகுப்பில் கழுத்தைப் பிடிக்கும்.

## வழி 1: மனப்பாடம்

வேகத்தில் இதற்கு ஈடு இல்லை. சரியாக மனதில் பதிந்துவிட்டால் (எக்ஸ் + 7)² என்றதும் கை தானாக எக்ஸ்² + 14எக்ஸ் + 49 என்று எழுதிவிடும். பொருள் எதுவும் வேண்டாம். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே கூட ஒப்பித்துப் பார்க்கலாம். பெற்றோருக்குக் கணக்கு தெரியாத வீட்டில், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை சொல்வதைச் சரிபார்க்க முடிகிற ஒரே வழியும் இதுதான். எஸ்டேட் லைன் வீடுகளில் இது சாதாரண நன்மை இல்லை.

மறைந்திருக்கும் விலை பின்னால்தான் தெரியும். பிள்ளை மனதில் பதிவது பெரும்பாலும் ஒலி. "ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயர்" என்பது பாட்டு மாதிரி நிற்கும். ஏ இருந்த இடத்தில் 2எக்ஸ் வந்ததும் பாட்டு தடுமாறும். (2எக்ஸ் + 3)² என்பதை 2எக்ஸ்² + 12எக்ஸ் + 9 என்று எழுதுவார்கள். 4எக்ஸ்² வர வேண்டிய இடத்தில் 2எக்ஸ்². நான் படித்த காலத்தில் அரையாண்டுத் தேர்வில் இதே தவறை ஒரே தாளில் மூன்று இடத்தில் செய்தேன். திருத்திய ஆசிரியர் மூன்றையும் வட்டமிட்டு விட்டுவிட்டார். ஏன் தவறு என்பது எனக்கு அடுத்த வருடம்தான் புரிந்தது.

இன்னொன்று, முப்படிக்குப் போனால் பாட்டுகள் ஒன்றோடொன்று கலக்கும். (ஏ + பி)³ ஒன்று, ஏ³ + பி³ இன்னொன்று. (ஏ − பி)³ என்பதில் குறிகள் கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி வரும். ஏ³ − பி³ என்பதன் காரணியில் ஏ² + ஏபி + பி² என்று எல்லாம் கூட்டல். ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இவை நான்கும் ஒரே முகம்.

அப்புறம், எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் நன்றாகவே பெய்யும். மண் சரிந்து சாலை அடைபட்டால் பள்ளி விடுமுறை, டியூஷனும் இல்லை, சில நாள் மின்சாரமும் இருக்காது. இடைவெளி விழுந்து திரும்பி வருகிற பிள்ளைகளில், ஒப்பித்து மட்டும் வைத்திருந்தவர்களுக்கு முதலில் போவது குறிகள்தான். மறந்ததை மீட்க அவர்களிடம் வேறு கயிறு இல்லை. புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

ஒப்பிப்பதுதான் என்று முடிவு செய்தால், எழுத்தாக ஒப்பிக்க வேண்டாம், வாக்கியமாக ஒப்பிக்கச் சொல்லுங்கள். "முதலாவதின் வர்க்கம், இரண்டையும் பெருக்கியதன் இரு மடங்கு, இரண்டாவதின் வர்க்கம்." முதலாவது என்பது 2எக்ஸ் என்றால், 2எக்ஸ் முழுவதற்கும் வர்க்கம் என்று வாக்கியமே சொல்லிவிடும். இந்தச் சின்ன மாற்றம் என் வகுப்பில் பாதிப் பிழைகளைக் குறைத்தது.

## வழி 2: படம் வரைந்து, வெட்டி ஒட்டிப் பார்ப்பது

பிள்ளைகள் செய்யும் தவறுகளில் மூத்த தவறு (ஏ + பி)² = ஏ² + பி² என்பது. எத்தனை முறை "நடுவில் 2ஏபி" என்று சொன்னாலும் திரும்பி வரும். அதை ஒரே மாலையில் தீர்க்கிற வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சதுர நிலம் என்று சொல்லித் தொடங்கினால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டாது. தேயிலைத் தோட்டம் மலையின் வளைவோடு வளைந்து போகும். காரட் போடுகிற படிக்கட்டு நிலமும் நீளமாக, கோணலாகத்தான் இருக்கும். அதனால் சதுரங்கப் பலகையை எடுக்கிறேன். ஒரு பக்கம் 8 கட்டம். 8 என்பதை 5 + 3 என்று பிரித்து, மேலிருந்து கீழாக ஒரு நூல், இடமிருந்து வலமாக ஒரு நூல் வைக்கச் சொல்வேன். பலகை நான்கு துண்டாகப் பிரியும். ஒரு துண்டில் 25 கட்டம், இன்னொன்றில் 9. இரண்டையும் கூட்டினால் 34. பலகையில் இருப்பது 64. மீதி 30 எங்கே போனது? பிள்ளையே விரலை வைத்துக் காட்டும்: இந்தப் பக்கம் ஒரு 15, அந்தப் பக்கம் ஒரு 15. அதுதான் 2ஏபி. அதற்குப் பிறகு அந்த இரண்டு செவ்வகங்களை மறக்கிற பிள்ளையை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏ² − பி² இன்னும் அழகு. கிராஃப் தாளில் 10 கட்டச் சதுரம் வெட்டி, அதன் மூலையிலிருந்து 4 கட்டச் சதுரத்தை வெட்டி எடுத்தால் எல் வடிவத்தில் ஒரு துண்டு மிஞ்சும்; அதன் பரப்பு 100 − 16 = 84. அதை ஒரே ஒரு வெட்டில் இரண்டு செவ்வகமாக்கி, ஒன்றைத் திருப்பி மற்றதன் தலையில் ஒட்டினால் 14க்கு 6 செவ்வகம் கிடைக்கும். 14 என்பது 10 + 4, 6 என்பது 10 − 4. காரணிப்படுத்துதல் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்லும் பதில் இந்த வெட்டுதான்: ஒழுங்கில்லாத ஒரு துண்டைச் செவ்வகமாக்கி, அதன் நீள அகலத்தைப் படிப்பது.

முப்படிக்கு உருளைக்கிழங்கு போதும். பெரிய கிழங்காகப் பார்த்து, 4 சென்டிமீட்டர் கனசதுரமாகச் செதுக்கி, மூன்று திசையிலும் 3 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொரு வெட்டு போடுங்கள். மூன்று வெட்டில் எட்டுத் துண்டு வரும். பெரிய கனசதுரம் ஒன்று, 27. தட்டைப் பலகை மூன்று, ஒவ்வொன்றும் 9. குச்சி மூன்று, ஒவ்வொன்றும் 3. சின்னக் கனசதுரம் ஒன்று, 1. மொத்தம் 64. ஏ³ + 3ஏ²பி + 3ஏபி² + பி³ என்பதில் அந்த 3 எங்கிருந்து வருகிறது என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. கத்தியைப் பெரியவர் பிடிக்கட்டும்.

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தயங்குகிற பெற்றோருக்கு ஒரு செய்தி. ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தன் நூலின் இரண்டாம் பகுதியில், நான்காம் முன்மொழிவாக (ஏ + பி)²ஐச் சொல்லும்போது அதைச் சதுரமும் செவ்வகமுமாகத்தான் சொன்னார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்ததும் சதுரத்தைப் பூர்த்தி செய்து காட்டித்தான். வர்க்கப் பூர்த்தி என்ற பெயரின் பொருளே அதுதான். நாம் இன்று எழுதுவது போன்ற எழுத்துக் குறியீடு நிலைபெற்றது 16, 17ஆம் நூற்றாண்டுகளில். சூத்திரத்தைவிடப் படம் அவ்வளவு மூத்தது.

சரி, விலை என்ன? முதலாவது நேரம். ஒரு முற்றொருமைக்கு ஒரு மாலை போய்விடும். இரண்டாவது, கழித்தல் வரும்போது படம் சிக்கலாகும். (ஏ − பி)²க்கு 10 கட்டச் சதுரத்தில் வலது ஓரம் 3 பட்டை, கீழ் ஓரம் 3 பட்டை எடுக்க வேண்டும். மூலையில் இருக்கும் 9 கட்டம் இரண்டு முறை கழிபட்டுவிடுவதால் ஒரு முறை திருப்பிக் கூட்ட வேண்டும். 100 − 30 − 30 + 9 = 49. புரிந்தவர்களுக்கு "பி² ஏன் கூட்டல்" என்பதற்கு இதைவிட நல்ல விடை இல்லை. ஆனால் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு இந்த இடத்தில் நழுவிவிடும்.

மூன்றாவதுதான் யாரும் சொல்லாதது. பரப்பு என்பது குறை எண்ணாக இருக்காது. படத்தில் மட்டுமே பழகிய பிள்ளை, ஏ பெரியது, பி சின்னது, இரண்டும் கூட்டல் எண் என்று தனக்குத் தெரியாமலே முடிவு கட்டிக்கொள்ளும். முற்றொருமை எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்ற அடிப்படையே அங்கே இழக்கப்படுகிறது. நான்காம் படிக்குப் போனால் வரையவும் முடியாது.

## வழி 3: ஒவ்வொரு முறையும் பெருக்குவது

ஒரு அடைப்பில் உள்ள ஒவ்வொன்றையும் மற்ற அடைப்பில் உள்ள ஒவ்வொன்றாலும் பெருக்கிக் கூட்டலாம் என்ற பங்கீட்டுப் பண்பு ஒன்று தெரிந்தால் போதும், எதையும் நினைவில் வைக்க வேண்டாம் என்பது இந்த வழியின் பலம். குறை எண்ணுக்கும் பொருந்தும், நான்கு உறுப்புக்கும் பொருந்தும். மழை விடுமுறைக்குப் பிறகும் போகாது, ஏனென்றால் மறக்க எதுவும் இல்லை.

நேரம் மட்டும் தின்னும். (2எக்ஸ் − 3ஒய்)³ஐ முழுதாகப் பெருக்கினால், முதலில் 4எக்ஸ்² − 12எக்ஸ்ஒய் + 9ஒய், பிறகு ஆறு பெருக்கல், பிறகு ஒத்த உறுப்புகளைச் சேர்த்தல். இந்த வரியில் நான் வேண்டுமென்றே ஒரு இடத்தில் வர்க்கத்தை விட்டிருக்கிறேன், கண்ணில் பட்டதா? கடைசி உறுப்பு 9ஒய்² என்று இருக்க வேண்டும். இந்த மாதிரிதான் நீண்ட பெருக்கலில் ஒன்று நழுவும், நழுவியதும் தெரியாது. சரியான விடை 8எக்ஸ்³ − 36எக்ஸ்²ஒய் + 54எக்ஸ்ஒய்² − 27ஒய்³.

பெரிய விலை வேறு. பெருக்கல் முன்னால் மட்டும் போகும் வண்டி. எப்போதும் பெருக்கியே போட்ட பிள்ளைக்கு விடையின் முகம் பழகுவதில்லை. (எக்ஸ்² − 16) / (எக்ஸ்² + 8எக்ஸ் + 16) என்று கொடுத்தால், பெருக்க எதுவும் இல்லாமல் அப்படியே நின்றுவிடும். மேலே இருப்பது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், கீழே இருப்பது (எக்ஸ் + 4)² என்று கண்டவருக்கு விடை ஒரே வரி: (எக்ஸ் − 4) / (எக்ஸ் + 4). என்னிடம் கேட்ட பத்தாம் வகுப்புப் பெண்ணின் கேள்விக்கு "வேண்டாம்" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

படத்துக்கும் பெருக்கலுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. நான் கட்டப் பெருக்கல் என்பேன். இரண்டுக்கு இரண்டு கட்டம் போட்டு, மேலே 2எக்ஸ், −3 என்றும் பக்கத்தில் எக்ஸ், 5 என்றும் எழுதி உள்ளே பெருக்கி நிரப்புவது. 2எக்ஸ்², −3எக்ஸ், 10எக்ஸ், −15. கூட்டினால் 2எக்ஸ்² + 7எக்ஸ் − 15. பார்க்கச் சதுரம் மாதிரி இருந்தாலும் இது பரப்பு இல்லை, கணக்கு எழுதும் இடம்தான். அதனால் குறை எண் வந்தாலும் தடை இல்லை. (ஏ + பி + சி)²க்கு மூன்றுக்கு மூன்று போட்டால் ஒன்பது அறை: மூலைவிட்டத்தில் மூன்று வர்க்கம், மீதி ஆறும் இரண்டு இரண்டாகச் சேரும். பின்னாலும் போகலாம். எக்ஸ்² + 7எக்ஸ் + 12 என்றால் எதிர் மூலைகளில் எக்ஸ்², 12 என்று எழுதிவிட்டு, மீதி இரண்டு அறைக்கு 3எக்ஸ், 4எக்ஸ் என்று தேடி நிரப்பினால் ஓரத்தில் காரணிகள் தாமாக வரும்.

## வழி 4: எண்ணைப் போட்டுப் பார்ப்பது

காரட் 48 கிலோ, கிலோ 52 ரூபாய். 50² − 2² = 2496. 99² என்றால் 10000 − 200 + 1 = 9801. மேட்டுப்பாளையத்துக்குக் காய் அனுப்பும் வீட்டுப் பிள்ளைகள் இதில் ஒரே நாளில் தேறிவிடுவார்கள். ஆர்வத்தைக் கிளப்ப இதைவிட நல்லது இல்லை.

சரிபார்க்கவும் இது உதவும். (ஏ + பி)² = ஏ² + பி² என்று எழுதியவரிடம் 3, 4 என்று போடச் சொன்னால் 49 ஒரு பக்கம், 25 இன்னொரு பக்கம். ஆனால் 0 போட்டால் தவறும் சரியாகத் தெரியும். 2 போட்டால் வர்க்கமும் இரு மடங்கும் ஒன்றாகிவிடும். அதனால் 0, 1, 2 வேண்டாம். 3, 5, −4 மாதிரி எடுங்கள்.

"சில எண்ணுக்குப் பொருந்தினால் எல்லாவற்றுக்கும் பொருந்துமா?" என்று ஒரு பையன் கேட்டான். பொதுவாகப் பொருந்தாது. ஆனால் ஒரே மாறி கொண்ட இரண்டு இருபடிக் கோவைகள் மூன்று வெவ்வேறு எண்களுக்குச் சமமானால் அவை எல்லா எண்ணுக்கும் சமம்தான். இதை நிரூபிக்கவும் முடியும். அதைக் கேட்டு அவன் கண் விரிந்ததை மறக்க முடியாது.

இந்த வழியை மட்டும் நம்பிப் படிக்க முடியாது. மற்ற மூன்றுக்கும் துணையாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

## ஒரு பார்வையில்

| | மனப்பாடம் | படம் | பெருக்கல் (கட்டத்தோடு) | எண் |
|---|---|---|---|---|
| தேர்வில் வேகம் | மிக நன்று | குறைவு | நடுத்தரம் | சரிபார்க்க மட்டும் |
| குறிப் பிழை | அதிகம் | கழித்தலில் குழப்பம் | குறைவு | பிழையைக் காட்டிக்கொடுக்கும் |
| மூன்று மாதம் கழித்து | நழுவும் | நிற்கும் | நிற்கும் | நிற்கும் |
| காரணிப்படுத்துதல் | வாக்கியமாக ஒப்பித்தால் சுமார் | ஏ² − பி²க்கு மிக நன்று | கட்டம் போட்டால் நன்று | உதவாது |
| ஆகும் நேரம் | குறைவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு |

## யாருக்கு எது

எட்டாம் வகுப்பு, அல்லது ஒன்பதாம் வகுப்பின் தொடக்கம் என்றால் தயங்காமல் படத்தில் தொடங்குங்கள். (ஏ + பி)², ஏ² − பி², (எக்ஸ் + ஏ)(எக்ஸ் + பி) மூன்றுக்கும் படம். கழித்தல் வந்ததும் கட்டப் பெருக்கலுக்கு மாறிவிடுங்கள். படத்தையே பிடித்துக்கொண்டு போகாதீர்கள். வார முடிவில், புரிந்ததை மட்டும் வாக்கியமாக ஒப்பிக்கலாம். ஒப்பிப்பதை நான் வெறுக்கவில்லை. புரிவதற்கு முன்னால் ஒப்பிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஏ³ + பி³ + சி³ − 3ஏபிசி மட்டும் விதிவிலக்கு. எளிதில் படம் வராது, அதன் இரண்டு காரணிகளையும் பெருக்கினால் பதினெட்டு உறுப்பு. ஒரு முறை உட்கார்ந்து பெருக்கிப் பார்த்துவிட்டு மனப்பாடம் செய்துவிடுங்கள். மூன்றின் கூட்டுத்தொகை 0 என்றால் ஏ³ + பி³ + சி³ = 3ஏபிசி என்பதையும் சேர்த்து. 15³ − 8³ − 7³ என்று கேட்டால் 3 × 15 × 56 = 2520 என்று நேராக எழுதலாம்.

பொதுத்தேர்வுக்கு மூன்று வாரமே இருக்கிறது, அடிப்படை ஆட்டம் காண்கிறது என்றால், இப்போது கிராஃப் தாளை வெட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. வாக்கியமாக நான்கு முற்றொருமைகளை ஒப்பித்து, தினமும் பத்துக் காரணிப்படுத்தும் கணக்கு, ஒவ்வொன்றையும் 3 போட்டுச் சரிபார்ப்பு. மதிப்பெண் வரும். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுப்பதாக இருந்தால் கோடை விடுமுறையில் சதுரங்கப் பலகையை எடுத்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கட்டப் பெருக்கலைக் காட்டி, முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து என்று தினமும் செய்யச் சொன்னேன். அந்த அம்மாவிடம், மகன் இந்த வாரம் வரையட்டும், வெள்ளிக்கிழமை படம் இல்லாமல் எழுத வைத்துப் பார்க்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை அவன் தாளில் (3எக்ஸ் + 2)² என்ற கணக்குக்கு 9எக்ஸ்² + 12எக்ஸ் + 4 என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சதுரம், அதில் இரண்டு செவ்வகத்துக்கு மட்டும் நிழல் போட்டிருந்தான்.